பேர்க் கணக்கும் வெற்றிலைக் கணக்கும்

தோட்டத்துச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பலில் தொடங்குவர். நாம் ஒரு கணக்குப் புத்தகத்தில் தொடங்க விரும்புகிறோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் 'செக்ரோல்' என வழங்கும் புத்தகம் அது. ஒரு நாள் உழைப்பு அங்கே ஒரு 'பேர்'. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அரிசிக்கு எவ்வளவு, முற்பணத்துக்கு எவ்வளவு, சலவைக்கு எவ்வளவு, கோவிலுக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு கழிவும் அதிலே பதியப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம் மக்களைப் பிரசைகளின் பட்டியலிலிருந்து அகற்றிய நாளிலும் செக்ரோலில் அவர்களுக்குப் பேர் விழுந்துகொண்டுதான் இருந்தது.

இத்தனை நுட்பமாகக் கணக்கிடப்பட்ட மனிதரின் வாய்க்குள் என்ன நிகழ்ந்தது என்பதை அப்புத்தகம் அறியாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் நான்கும் விடியலில் பிரட்டுக்களத்துக்குப் புறப்படும்போதே மடியில் ஏறிவிடுகின்றன. குளிருக்கு அது வேண்டும். பசியை மறக்க அது வேண்டும். மழைக்காலத்தில் அட்டைக்குத் தேய்க்கவும் அந்தச் சுண்ணாம்பே உதவும்.

இப்பழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உறவுண்டு என்ற ஐயம் புதிதன்று. சென்னையில் பணியாற்றிய வைத்தியர் நிப்லொக் 1902இலேயே அதை எழுதினார். அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த நெய்யூரிலிருந்து வைத்தியர் ஓர் 1933இல் எழுதினார். (யாழ்ப்பாணத்துப் புகையிலை அந்தத் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிச் சென்ற கதையை நம் வாசகர் அறிவர், கடல் எம்மைப் பிரித்ததே தவிர, வாயின் ருசி எம்மை ஒன்றாகவே வைத்திருந்தது.) 1955இல் பம்பாயில் கானோல்கரும் அவர்தம் தோழரும் நோயுற்றோரின் பழக்கங்களைப் பிறருடைய பழக்கங்களோடு ஒப்பிட்டனர். நோயாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, அதே கேள்வியை நோயற்றவரிடமும் கேட்க வேண்டும் என்ற எளிய நெறிதான் இதன் உயிர். இலண்டனில் டோல், ஹில் இருவரும் சிகரெட்டையும் நுரையீரற் புற்றையும் 1950இல் இணைத்துக் காட்டியதும் இந்நெறியால்தான். சந்தையில் ஒருவன் எதை வாங்குகிறான், எவ்வளவு வாங்குகிறான் என்பது வியாபாரிக்கு மட்டும் உரிய செய்தியாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது.

நம் மாகாணத்துக்கு அந்நெறி வந்து சேரத் தாமதமாயிற்று. ஹேமந்த அமரசிங்க, சமன் வர்ணகுலசூரிய முதலான ஆராய்ச்சியாளர் சப்ரகமுவையில் 30 வயதுக்கு மேற்பட்ட கிராமப்புற மக்களை ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். வினாக்கொத்தோடு வீடுவீடாகக் கேட்டனர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தனர். மூன்று நாள் உணவுக் குறிப்பும் எழுதுவித்தனர். புற்றாக மாறக்கூடிய குறிகள் உள்ளவர் 101 பேர். அவர்களோடு ஒப்பிடப்பட்ட குறியற்றவர் 728 பேர். நாள்தோறும் வெற்றிலை போடுவோருக்கு இக்குறிகள் காணும் சாத்தியம் 10 மடங்குக்கும் மேல். வாரந்தோறுமோ நாள்தோறுமோ மது அருந்துவோருக்கு மூன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்தால் 21 மடங்கைத் தாண்டியது. மாகாணத்தில் நாளாந்த வெற்றிலைப் பழக்கமே இல்லாதிருப்பின் இக்குறிகளில் 84 சதவீதம் தோன்றியிரா என்றும் கணக்கிட்டனர். புகையிலை சேர்க்காவிடில் தீங்கில்லை என நம் வீடுகளில் சொல்லும் சமாதானமும் இங்கே நிலைக்கவில்லை. பாக்கே புற்றை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட நூலில் ஏற்கெனவே அறிவித்திருந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால் பழி முழுவதும் தொழிலாளியின் மடியில் விழும். "குடியும் வெற்றிலையும்தான் இவர்களைக் கெடுக்கின்றன" என்று சொல்லக் காத்திருப்போர் பலர். ஆனால் அதே ஆய்வில் வேறொன்றும் உண்டு. உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருப்பது, வெற்றிலையைத் தனியே ஒதுக்கிக் கணக்கிட்ட பின்னரும், நோய்க்குத் தனிக் காரணியாக நின்றது. கரட், பூசணி போன்ற நிறமுள்ள காய்கனிகளை நாளுக்கு இரண்டு பங்குக்கு மேல் உண்டவரிடம் ஆபத்துக் குறைந்திருந்தது. பசியை மறைக்க வெற்றிலை. பசியால் வந்த மெலிவோ வெற்றிலைக்குத் துணை. அரைப்பேர் விழுந்த நாளில் கறிக்குக் காய் வாங்க முடியாதவளிடம் வெற்றிலையை மட்டும் விடு என்று சொல்வது பாதி விஞ்ஞானம். மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தொழிலாளரிடையே இதே நோயை ஆராய்ந்த கட்டுரை 2007இல் வெளியாயிற்று. அதற்கும் முன்னர் செக்ரோல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிரப்பப்பட்டு வந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வியாபாரியின் கணக்கே வைத்தியத்துக்கு உதவும் காலம் இன்று வந்துள்ளது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில் 273 பெண்கள் தம் கடைச் சலுகை அட்டைகளின் பதிவுகளை மனமுவந்து அளித்தனர். அவர்களுள் 153 பேர் சூலகப் புற்றுக்கு ஆளானோர். நோய் நிர்ணயிக்கப்படுவதற்கு எட்டு மாதங்களுக்கு முன்னரே அவர்கள் நோவு மாத்திரைகளையும் அஜீரண மருந்துகளையும் மற்றவரினும் அதிகம் வாங்கியிருந்தனர். உடல் வைத்தியரிடம் சொல்லுமுன் கடைக்காரரிடம் சொல்லிவிட்டது! நம் தோட்டத்துக் கடையிலும் கடன் கொப்பி உண்டு. அதில் வெற்றிலையும் புகையிலையும் நாள்வாரியாக ஏறுகின்றன. அக்கொப்பி இதுவரை யாருக்குப் பயன்பட்டது என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. அந்தப் பெண்களைக் கேட்டுத்தான் பதிவுகளை எடுத்தார்கள் என்பதே முக்கியம். எம்மைக் கேட்டு எவரும் பேர் போட்டதில்லை.

அண்மையில் எம் வகுப்பு மாணவரிடம் வீட்டில் ஒரு கிழமைக்கு வாங்கும் பொருள்களை எழுதிவரச் சொன்னோம். அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் வந்தன. வெற்றிலை ஒரு கொப்பியிலும் இல்லை. காரணம் கேட்டபோது லயத்துப் பிள்ளை ஒருத்தி, "அது செலவா சேர்? அது எப்பவும் இருக்கிறதுதானே" என்றாள். மறுநாள் அவளே கொப்பியைத் திருத்திக் கொண்டுவந்தாள். அம்மாயி, நாளுக்கு எட்டு வாய். அம்மா, ஐந்து. அதற்குக் கீழே பென்சிலால், 'அம்மாயிக்குக் காரம் எரியுதாம், ரெண்டு மாசமா' என்று எழுதியிருந்தாள். அந்தக் கிழமையே அம்மாயியை இரத்தினபுரி வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டும்படி சொல்லியனுப்பினோம். அன்று அவளுக்குப் பேர் இல்லை.