எமது விடுதியில் காதல் நாவல்கள்

நூற்றாண்டு காணும் எமது சங்கத்தின் இம்மலரில் அதிபர்களின் வரலாறு இருக்கிறது. கட்டடங்களின் வரலாறும், வலைப்பந்து அணியின் வரலாறும் இருக்கின்றன. விடுதியில் பாடப்புத்தகங்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வாசிக்கப்பட்ட நூல்களின் வரலாற்றை மட்டும் எவரும் எழுத முன்வரவில்லை. உண்மையைச் சொன்னால், சில தவணைகளில் அவை பாடப்புத்தகங்களையும் முந்திவிட்டன. காதல் நாவல்களைத்தான் சொல்கிறோம். இதை வாசிக்கும்போதே சிலர் மெல்லச் சிரிப்பீர்கள். யார் யார் என்று எமக்குத் தெரியும்.

விடுதி என்ற ஒன்று ஏன் எமக்குத் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவதே முறை. இறம்பொடையிலிருந்தும் அதைச் சுற்றிய மலைத் தோட்டங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் நாம். நுவரெலியாவிலிருந்து லபுக்கலை வழியாக வளைந்து வளைந்து இறங்கும் பெருந்தெரு இறம்பொடையைத் தொட்டு, புசல்லாவை, கம்பளை என்று கண்டிக்குப் போகிறது. தெருவிலிருந்து தோட்டத்து லயத்துக்கு ஏற இன்னும் எத்தனை மைல் நடை என்பது அவரவர் பிறந்த டிவிசனைப் பொறுத்தது. 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பை 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்தது. அந்தப் பத்து வயதோடு படிப்பு முடிந்துவிடும் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருந்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு, அதற்குப் பின் கொழுந்துக் கூடை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கும் வரை இதுதான் நிலைமை. ஆகவே ஒரு தோட்டத்துப் பெண்பிள்ளை ஆறாம் வகுப்புக்கு மேலே படிக்க வேண்டுமானால், பெரும்பாலும் வீட்டைவிட்டு விடுதிக்குத்தான் வர வேண்டும். தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் நாம்.

எமது சங்கம் தொடங்கிய காலத்தை ஒட்டியே தமிழ்ப் பெண்களின் நாவல் வாசிப்பும் சூடு பிடித்தது. இலங்கையில் மங்களநாயகம் தம்பையாவின் ‘நொறுங்குண்ட இருதயம்’ 1914இலேயே வந்துவிட்டது. தமிழகத்தில் வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் ‘ஜகன்மோகினி’யை நடத்தினார். எழுதப் பழகாத காலத்தில் தமது முதல் படைப்பைத் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதுவித்தவர் அவர். பின்னர் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். பெண்கள் நாவல் படித்தால் கெட்டுப்போவார்கள் என்ற பேச்சும் அந்த நாளிலேயே உண்டு. அதே பேச்சை எழுபது வருடங்களுக்குப் பிறகு எமது விடுதி நடைபாதையில் சொல் மாறாமல் கேட்டோம்.

எமது மலைகளில் நடந்தது வேறு. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளரின் துயரங்களைப் பாட்டாக்கிச் சிறு நூல்களாக அச்சிட்டார்; கூட்டங்களில் தாமே பாடினார். தோட்டத்துப் பெண்களிடம் முதலில் வந்து சேர்ந்த அச்செழுத்து நாவல் அல்ல, பாட்டுத்தான். ஒருவர் வாசிக்க, நாலு பேர் கேட்க வேண்டும். இந்தப் பழக்கம் பின்னால் நாவலுக்கும் தொற்றிக்கொண்டது. விடுமுறையில் நாம் வீட்டுக்குக் கொண்டுபோன நாவலை லயத்து வாசலில் இருந்து வாசிக்க, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாவும் சித்தியும் பக்கத்து வீட்டு அத்தையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கதாநாயகியின் மாமியாருக்கு அவர்கள் கொடுத்த வசவுகளை இங்கே அச்சிட முடியாது.

பாடசாலை நூலகத்தின் அலுமாரியில் அனுமதி பெற்ற ஆங்கிலக் கதைகள் சில இருந்தன. இனிட் பிளைட்டனின் செயின்ட் கிளேயர்ஸ், மாலரி டவர்ஸ் வரிசைகள் 1940களில் தொடங்கியவை. இரண்டும் பெண்கள் விடுதிப் பாடசாலைக் கதைகள். இந்த வகைக் கதைகளை ஏஞ்சலா பிரேசில் அதற்கு முன்பே எழுதியிருந்தார். நள்ளிரவில் கேக்கும் சார்டினும் ஒளித்து வைத்துத் தின்பது எமக்கு உடனே விளங்கியது. எம்மிடம் இருந்தது ரொட்டியும் கட்டைச் சம்பலும் என்பதுதான் வித்தியாசம். ஆனால் அந்த நூல்களில் ஒரு குறை. விடுதி இருந்தது, காதல் இல்லை. பதினைந்து வயதுப் பெண்கள் அத்தனை பேர் இருக்கும் இடத்தில் ஒருத்திக்காவது ஒரு பெயர் நெஞ்சில் இராதா?

1970களில் இங்கே படித்த அக்காமாரின் அலுமாரி வேறு மாதிரி. இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் இந்தியச் சஞ்சிகைகளும் நாவல்களும் வருவது அருகிப்போன காலம் அது. அந்த இடைவெளியில் வீரகேசரி மலிவு விலையில் இலங்கை நாவல்களை வெளியிட்டது. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ எல்லாம் அவ்வாறு வந்தவைதாம். திருகோணமலை நா. பாலேஸ்வரியின் நாவல்களை அந்தத் தலைமுறை அக்காமார் இன்றும் ஆசையோடு சொல்வார்கள். நெடுந்தீவில், தண்ணிமுறிப்பில், தேயிலைத் தோட்டத்தில் என்று தெரிந்த மண்ணில் நடக்கும் காதலை வாசிக்கக் கிடைத்தவர்கள் அவர்கள். தோட்டங்களில் பட்டினி கிடந்த ஆண்டுகளும் அவைதாம். விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் பலர் பாதியில் நின்றார்கள். வாசிப்புச் சுகத்தைப் பற்றி எழுதும்போது அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1977க்குப் பின் கதவு திறந்தது. நாம் விடுதிக்கு வந்த 1990களில் எல்லாமே தமிழ்நாட்டுச் சரக்கு: 1969 முதல் மாதந்தோறும் வந்துகொண்டிருந்த ராணி முத்து, அதன் பின்னால் மாலைமதி, எல்லாவற்றுக்கும் மேலே ரமணிசந்திரன். நுவரெலியாவிலும் கண்டியிலும் வாங்கிய பழைய பிரதிகள் பஸ்ஸில் ஏறி எம்மிடம் வந்து சேரும். வந்தவுடன் அட்டையைக் கிழித்துவிட்டு விஞ்ஞானப் புத்தகத்தின் கடதாசி உறையைப் போடுவோம். தடித்த நாவலானால் தைத்த நூலைப் பிரித்து நாலு துண்டாக்குவோம். நாலு பேர் ஒரே இரவில் வாசிக்கலாம். மூன்றாம் துண்டு முதலில் கிடைத்தவள், கதாநாயகன் ஏன் கோபமாக இருக்கிறான் என்று தெரியாமலே அழுவாள். கடைசித் துண்டு பெரும்பாலும் காணாமல் போய்விடும். அதனால் பல நாவல்களுக்கு நாமே முடிவு சொல்லிப் பழகினோம். ஆங்கிலம் கொஞ்சம் ஓடியவர்கள் மில்ஸ் அண்ட் பூனுக்குத் தாவினார்கள். அவர்களுக்கு ஆங்கிலப் பாடத்தில் கிடைத்த புள்ளிகளுக்கு எந்த ரியூஷன் காரணம் என்று ஆசிரியைகளுக்குக் கடைசிவரை தெரியாது.

ஒன்றைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அந்த நாவல்களில் கதாநாயகன் அடிக்கடி ஓர் எஸ்டேட் முதலாளி. ஊட்டியிலோ குன்னூரிலோ தேயிலைத் தோட்டம், மலைச்சரிவில் பங்களா, வாசலில் கார், நெற்றியில் கோபம். கதாநாயகி ஏழை, படித்தவள், தன்மானம் உள்ளவள். பனி, தேயிலை, கம்பளி எல்லாம் எமக்குப் பழக்கமானவை. ஆனால் எமது ஊரில் எஸ்டேட் என்று சொல்ல மாட்டோம், தோட்டம் என்போம். பங்களாவில் இருப்பவர் காதலர் அல்ல, பெரியதுரை. கதாநாயகி ஜன்னலைத் திறந்து பார்க்கும் பச்சைச் சரிவில் தலையில் கூடைப் பட்டியோடு நிற்கும் பெண்களுக்கு அந்தக் கதைகளில் பெயர் இல்லை. அழகுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அந்த ஒரு வரியில் நின்றவர்கள் எமது அம்மாமார்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1964இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்கள் அமைத்தது. டான்டீ என்று இன்று அறியப்படுபவை அவைதாம். எம்மில் பலரின் மாமாவும் பெரியம்மாவும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆக, நாவலின் ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண் கற்பனைக்குக்கூட வேற்றாள் இல்லை, எமது சொந்தக்காரி. அப்படியிருந்தும் அந்த நாவல்களை விட்டோமா? விடவில்லை. அறைத்தோழி ஒருத்தி முதலாளி வரும் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிட்டு, தலைமைக் கணக்கப்பிள்ளை வந்தால் மட்டும் நிறுத்தி வாசிப்பாள். அவனுக்கு இன்னும் கொஞ்சம் பக்கம் கொடுத்திருக்கலாம் என்பது அவளுடைய தீராத குறை.

பெரியவர்களின் பயத்தையும் நாம் குறைத்துச் சொல்ல மாட்டோம். வயதுக்கு வந்த பிள்ளையை மலைக்கு அப்பால் அனுப்பிப் படிக்கவைப்பதே தோட்டத்தில் ஒரு பந்தயம். ஒரு கடிதம், ஒரு பேச்சு, படிப்பு நின்றுவிடும். அடுத்த தையில் கல்யாணம். அப்படி நின்றவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். ஆனால் நாவல்தான் அவர்களைக் கெடுத்தது என்பதை ஏற்க முடியவில்லை. சுகாதாரப் பாடத்தில் இனப்பெருக்கம் என்ற அத்தியாயம் வந்தால் ‘வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று பக்கம் புரளும். மாதவிடாய் வலிக்கு மருந்து ஒருத்தியின் பாட்டி சொன்ன கஷாயம். மருத்துவத் தொழிலுக்கு வந்துவிட்ட எம் போன்றோர் இன்று கிளினிக்கில் காணும் பதினாறு, பதினேழு வயதுத் தாய்மாரில் பலர் எந்த நாவலையும் தொட்டதில்லை. தன் உடம்பைப் பற்றியும் ஒரு வாலிபன் சொல்லும் வார்த்தையைப் பற்றியும் அவர்களிடம் எவரும் எதுவும் கதைத்ததில்லை என்பதே அவர்களிடம் நாம் கண்ட பொது வரலாறு. ரமணிசந்திரனின் கதாநாயகி குறைந்தபட்சம், கையைப் பிடித்தவனைப் பார்த்து ‘விடுங்கள்’ என்று சொல்லக் கற்றுத்தந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், தமிழிலக்கிய வகுப்பில் களவொழுக்கம் பாடமாகவே இருந்தது. குறிஞ்சி என்றால் மலை, மலை என்றால் காதலர் சந்திப்பு. தலைவி, தோழி, காவல் காக்கும் செவிலி. அதை மனனம் செய்தால் புள்ளி, நாவலில் வாசித்தால் தண்டனை. செவிலி யார் என்று விளக்கத் தேவையே இருக்கவில்லை, மேட்ரன் அம்மா டோர்ச்சோடு வந்துகொண்டிருப்பார்.

ஒளிக்காமல் வாசிக்கக்கூடிய ஒரே பெயர் லக்ஷ்மி. டாக்டர் திரிபுரசுந்தரி என்ற அவர், சென்னையில் மருத்துவம் படிக்கும்போதே ஆனந்த விகடனில் எழுதி, அந்த வருமானத்தைப் படிப்புக்குத் துணையாகக் கொண்டவர். பின்னர் தென்னாபிரிக்காவில் பல ஆண்டுகள் மருத்துவராக இருந்தார். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார். டாக்டர் எழுதியது என்றால் மேட்ரன் அம்மாவும் விட்டுவிடுவார். தாமும் வாங்கி வாசிப்பார். காதல் கதை எழுதி டாக்டராகலாம் என்ற செய்தி எம்மில் சிலருக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆங்கிலக் கதையில் விடுதி இருந்தது, காதல் இல்லை என்றோம். தமிழ் நாவலில் காதல் இருந்தது, விடுதி இல்லை. கதாநாயகிக்கு எப்போதும் இருபது வயது தாண்டியிருக்கும். காதலும் பெரும்பாலும் கல்யாணத்துக்குப் பிறகுதான் வெளிப்படும். பதினைந்து வயதில், அடுத்த தோட்டத்துப் பையன் ஒருவனைச் சனிக்கிழமை இறம்பொடைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்துநிற்கையில் கண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி, ஒரு தவணை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பற்றி எந்த மொழியிலும் எமக்குப் புத்தகம் கிடைக்கவில்லை.

ஆகவே எம்மில் ஒருவர் எழுதினார். எமக்கு இரண்டு வகுப்பு மேலே இருந்த அக்கா, நீர்வீழ்ச்சிக்கு மேலேயுள்ள தோட்டம். சீ.ஆர். கொப்பியில், நீல மையில், வாரம் ஓர் அத்தியாயம். விடுதிதான் களம், கதாநாயகி பத்தாம் வகுப்பு, அவன் கொழுந்து லொறியில் உதவியாள், இரவில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். பங்களா ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் தூரத்தில் லைட்டாக. கொப்பி கட்டில் கட்டிலாக நகர்ந்தது. வாசித்தவர்கள் ஓரத்தில் கருத்து எழுதுவோம். பெயரை மாற்றச் சொல்வோம். ‘அவனை இருமவைக்காதே, செத்துவிடப் போகிறான்’ என்று கெஞ்சுவோம். அச்சு நாவல்களுக்கு அந்தத் தவணையில் மதிப்புக் குறைந்துவிட்டது.

ஆண்டிறுதிக்கு முன் மூன்று கொப்பிகள் பிடிபட்டன. அது கதை என்று நாம் சொன்னதை எவரும் நம்பவில்லை. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறாள் என்று முடிவு கட்டினார்கள். அப்பாவை அழைத்தார்கள். தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அலுவலக வாசலில் நின்றதை மேல்மாடியிலிருந்து பார்த்தோம். விடுமுறைக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை.

இன்று பிரதிலிபி போன்ற செயலிகளில் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் காதல் தொடர்கள் எழுதுகிறார்கள். லயத்துப் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வாசிக்கிறார்கள். கடதாசி உறை தேவையில்லை. அவற்றிலும் எஸ்டேட் முதலாளி இருக்கிறார், பங்களா கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது.

அக்காவின் நாவலில் நான்கு கொப்பிகள் இருந்தன. பிடிபட்டவை மூன்று. நான்காவது, பரீட்சை முடிவு வரும் அத்தியாயத்தோடு, அந்த வாரம் யாரோ ஒருவரின் தலையணைக்குள் இருந்தது. விடுதி மூடிய அவசரத்தில் எவருடைய பெட்டியிலோ ஏறிப்போயிற்று. ஓரத்தில் பச்சை மைக் குறிப்புகள் உள்ள கொப்பி அது. கனடாவிலோ, இலண்டனிலோ, கொழும்பிலோ, கூடலூரிலோ இருக்கும் உங்களில் எவரிடமாவது அது இருந்தால், தயவுசெய்து சங்கச் செயலாளருக்கு அறிவியுங்கள். அக்கா புசல்லாவையில் இருக்கிறார், பேரப்பிள்ளை இருக்கிறது. கேட்டுப் பார்த்தோம், கதை எப்படி முடிந்தது என்பது அவருக்கும் நினைவில்லையாம்.