ரொட்டியில் எஞ்சிய சொல்

அரசாணைகளால் எழுதப்படும் வரலாறு ஒன்று. அடுமனையில் காக்கப்படும் வரலாறு மற்றொன்று. அமெரிக்கச் சமவெளியில் குடியேறிய உருசியச் செருமானியர் கதை பின்னதைச் சார்ந்தது.

1763-இல் உருசியப் பேரரசி இரண்டாம் கேத்தரின் விடுத்த அழைப்பையேற்றுச் செருமானிய உழவர்கள் வால்கா ஆற்றங்கரையில் குடியேறினர். படைப்பணியினின்று அவர்கள் பெற்றிருந்த விலக்கு 1874-இல் நீங்கியது. பலர் கடல்கடந்து கான்சாஸ், நெப்ராஸ்கா மாநிலங்களை அடைந்தனர். முட்டைக்கோசும் வெங்காயமும் மாட்டிறைச்சியும் பொதிந்து சுடும் ரொட்டியும் உடன்வந்தது.

1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கவே, அவர்தம் தாய்மொழி பகைமொழியாயிற்று. எட்டாம் வகுப்புத் தேறாத சிறார்க்கு அயல்மொழி கற்பித்தலை 1919-இல் நெப்ராஸ்கா தடைசெய்தது. செருமன் கற்பித்த ஆசிரியர் இராபர்ட் மேயருக்குத் தண்டம் விதிக்கப்பட்டது. 1923-இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. ஆயினும் வீட்டுமொழி மெல்லத் தேய்ந்தது.

1949-இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் சாரா எவரெட் என்னும் பெண்மணி, உடன்பிறந்தார் அலெக்ஸ் பிரெனிங்குடன் சேர்ந்து, குடும்பச் செய்முறையில் அந்த ரொட்டியை விற்கத் தொடங்கினார். அதன் பெயர் 'ரன்சா'. செருமன் அறியாத பேரப்பிள்ளைகளும் அப்பெயர் சொல்லியே அதனைக் கேட்டு வாங்குகின்றனர். பள்ளியில் தடுக்கப்பட்ட மொழியின் ஒரு சொல்லை மாவு பிசைந்த கைகள் காத்தன. மொழியைப் பாடும் கவிஞர்கள் அக்கைகளையும் நினைத்தல் வேண்டும்.