கஞ்சாவின் ஏற்பியைத் தேடி
1839இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷாக்னசி கஞ்சாச் சாற்றை விலங்குகளிலும் பின்னர் நோயாளிகளிடமும் சோதித்து, வலிப்பு தணிவதைப் பதிவுசெய்தார். ஆயினும் அது உடலில் எங்கே வேலைசெய்கிறது என்பது ஒன்றரை நூற்றாண்டு தெரியவில்லை. 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெகியேல் காவோனியும் அதன் போதைப்பொருளான டிஎச்சியைப் பிரித்தெடுத்த பிறகும், கொழுப்பில் கரையும் அப்பொருள் உயிரணுச் சவ்வைக் குலைத்தே மயக்குகிறது எனப் பலர் கருதினர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஆலின் ஹவ்லெட், நரம்புக் கட்டி உயிரணுக்களில் கன்னாபினாய்டுகள், அதாவது கஞ்சாவின் தனிவகை வேதிப்பொருள்களும் அவற்றை ஒத்தவையும், அடினைலேட் சைக்ளேஸ் என்னும் நொதியை அடக்குவதை முதலில் காட்டி, 1988இல் வில்லியம் டிவேன் முதலியோருடன் சேர்ந்து, கதிரியக்கக் குறியிட்ட செயற்கை மூலக்கூறு ஒன்று எலி மூளைச் சவ்வின் குறிப்பிட்ட இடத்தில் பற்றுவதை அளந்தார். அவ்விடமே ஏற்பி, மருந்தின் சேதியை உயிரணுவுக்குள் கடத்தும் புரதம். 1990இல் லிசா மட்சுடா குழுவினர் அதன் மரபணுவைக் கண்டறிந்தது பெரும்புகழ் பெற்றது. கடினமான பகுதியோ ஹவ்லெட்டின் பொறுமையான நொதி அளவீடுகளே எனலாம்.