முதுகில் குழந்தை, குப்பியில் ரத்தம்

போர்க்களத்தில் சிப்பாய் எதனால் சாகிறான்? குண்டு பட்டு என்பீர்கள். பாதி சரி. பட்ட நொடியே போய்ச்சேருகிறவர்களை யாராலும் காப்பாற்ற முடியாது. ஆனால், ‘ஐயோ, பிழைக்க வைத்திருக்கலாமே’ என்று டாக்டர்கள் பிறகு கையைப் பிசைகிற கேஸ்கள்?

2001 முதல் 2011 வரை இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் முன்பே இறந்துபோன அமெரிக்க வீரர்களின் ஃபைல்களைப் புரட்டினார்கள். பிழைக்க வாய்ப்பிருந்தும் செத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், ரத்தம் நிற்காமல் செத்தவர்கள்!

அந்த ரத்தத்தைக் கட்டுப்படுத்த உதவும் மருந்து ஒன்று 1962 முதலே உலகத்தில் இருந்தது. அடிபட்டவனுக்குக் கொடுத்துப் பார்க்கத்தான் பெரிதாக யாரும் முனையவில்லை.

டோக்கியோவுக்கு வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் தோற்றுப்போன ஜப்பான். சோற்றுக்கே திண்டாட்டம், ஆராய்ச்சிக்கு ஏது காசு? கெயோ பல்கலைக்கழகத்தில் ஷோசுகே ஒகமோட்டோ, உட்டாகோ ஒகமோட்டோ என்று ஒரு டாக்டர் தம்பதி. ரத்தத்தை ஆராய்வது என்று முடிவெடுத்தார்கள். ஏன் தெரியுமா? தட்டுப்பாடு வந்தால் சொந்த ரத்தத்தையே எடுத்துக்கொள்ளலாமே!

உட்டாகோவின் மனசில் இருந்தவர்கள் சிப்பாய்கள் அல்ல. பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்காமல் சாகிற தாய்மார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால், மகளை முதுகில் கட்டிக்கொண்டே லேபில் வேலை பார்த்தார் அந்த அம்மா. முதன்முதலாக ஆராய்ச்சி முடிவைச் சொல்ல மேடையேறியபோது, டான்ஸ் ஆடப்போகிறாயா என்று கூட்டத்தில் கிண்டல்!

அசரவில்லை. ஏற்கெனவே ஒரு மருந்தைக் கண்டுபிடித்திருந்தவர்கள், 1962-ல் அதைவிட 27 மடங்கு வீரியமான இன்னொன்றை அறிவித்தார்கள். பெயர், டிரானெக்ஸாமிக் ஆசிட்.

அது என்ன செய்யும்? காயம் பட்டதும் ரத்தத்தில் ஃபைப்ரின் என்கிற இழைகள் வலை பின்னி ஓட்டையை அடைக்கின்றன. அந்த வலையைக் கரைக்க பிளாஸ்மின் என்று ஒன்று உண்டு. புண் ஆறிய பிறகு செய்யவேண்டிய வேலை அது. பெரிய காயம் என்றால் அவசரப்பட்டு முன்னாடியே கிளம்பிவிடும். ஏரி உடைப்பை ஊரே சேர்ந்து அடைக்கும்போது, ஒருத்தன் பின்னாலேயே மண்வெட்டியால் வெட்டிக்கொண்டு வந்தால் எப்படி இருக்கும்? அந்த மண்வெட்டியைத்தான் இந்த மருந்து பிடித்து நிறுத்துகிறது.

பிரசவத்தில் கொடுத்துப் பாருங்கள் என்று கோபே நகர டாக்டர்களிடம் உட்டாகோ கேட்டுப் பார்த்தார். அவர்கள் மசியவில்லை. பல் பிடுங்கும்போது, மாதவிலக்கில் அதிகம் போகும்போது என்று சின்னச் சின்ன வேலைகளோடு மருந்தின் காலம் ஓடியது.

கடைசியில் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிக்கல் மெடிசின்தான் துணிந்து இறங்கியது. இந்தியா உட்பட 40 நாடுகள், 274 ஆஸ்பத்திரிகள், அடிபட்டு வந்த 20,211 பேர். 2010-ல் ரிசல்ட். மருந்து கொடுக்காதவர்களில் நூற்றுக்கு 16 பேர் இறந்திருந்தார்கள். கொடுத்தவர்களில் 14.5. இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஆயிரம் பேருக்கு 15 உயிர்! ஒரே நிபந்தனை, மூன்று மணி நேரத்துக்குள் ஊசி ஏறவேண்டும். அதற்குமேல் தாமதித்தால் கெடுதலாகக்கூட முடியலாம்.

ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் பகுதியில், கேம்ப் பாஸ்டியன் ராணுவ ஆஸ்பத்திரி. 2009, 2010 ஆண்டுகளில் அங்கே ரத்தம் ஏற்றப்பட்ட 896 பேரின் பதிவுகளை அலசினார்கள். மருந்து பெறாதவர்களில் 23.9 சதவிகிதம் பேர் சாவு. பெற்றவர்களில் 17.4. இது பழைய பதிவுகளின் கணக்குதான், முறையான பரிசோதனை அல்ல. ஆனாலும், லண்டன் முடிவோடு ஒத்துப்போனது. 2011-ல் அமெரிக்க ராணுவத்தின் போர்க்கள முதலுதவி விதிகளிலும் மருந்து ஏறிவிட்டது.

சரி, தாய்மார்கள்? அதே லண்டன் குழு 20,060 பெண்களிடம் சோதித்தது. பிரசவம் முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால், உதிரப்போக்குச் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. உட்டாகோ சொன்னது சரிதான்!

அந்த ரிசல்ட் வெளிவந்தது 2017 ஏப்ரலில். உட்டாகோ ஒகமோட்டோ தன் 98-வது வயதில் கண்மூடியது, 2016 ஏப்ரலில்.