கிளட்சுக்கும் ஃப்ளைவீலுக்கும் பொருத்தம் பார்த்த கதை

"மலருக்கு ஏதாவது எழுதுங்க சார், பழைய ஹாஸ்டல் கதையா இருந்தாலும் பரவாயில்லை" என்று மலர்க்குழுவினர் கேட்டார்கள். ஹாஸ்டல் கதைகளை மற்ற நண்பர்கள் என்னைவிடச் சுவையாக எழுதுவார்கள். நான் மெக்கானிக்கல்காரன். வீட்டுக் கொட்டகையில் கார் கட்டிய பிரிட்டிஷ்காரர்களின் சரித்திரத்தைச் சொல்கிறேன். அதில் ஒரு குளிர்காலம் முழுக்க நானும் மாட்டிக்கொண்டு முழித்திருக்கிறேன்.

பிரிட்டனில் 1940-இல் பர்ச்சேஸ் டாக்ஸ் என்று ஒரு வரி போட்டார்கள். முழுதாகக் கட்டிய புதுக் காருக்கு அந்த வரி உண்டு. பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொண்டால் கிடையாது. இந்தச் சந்தில் புகுந்து புறப்பட்டவர்களில் முக்கியமானவர் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன். 1950-களின் தொடக்கத்தில் மார்க் ஸிக்ஸ், 1957-இல் லோட்டஸ் செவன் என்று பெட்டியில் போட்டுக் கார் விற்றார். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால், கழற்றும் முறையை எழுதிக் கொடுத்து, அதைத் தலைகீழாகப் படிக்கச் சொன்னார் என்று ஒரு கதை உண்டு. நம்ம ஊர் ஆடிட்டர்கள் தோற்றார்கள்! 1973 ஏப்ரலில் வாட் வரி வந்ததும் இந்தச் சலுகை போயிற்று. அதே ஆண்டு செவன் காரைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது.

ஆனாலும் கிட் கார் மோகம் ஒழியவில்லை. காரணம் துரு. அந்த ஊர் ஈரத்திலும் உப்பிலும் பாடி ஓட்டையாகிவிடும். எஞ்சின் கல்லு மாதிரி இருக்கும். 1959-இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. பாடியைத் தூக்கி எறிந்துவிட்டு, மேலே ஃபைபர்கிளாஸ் பாடியை மாட்டலாம். ஹெரால்ட் என்றதும் மூத்தவர்களுக்கு முகம் மலர்ந்திருக்கும். 1961 முதல் வண்டலூரில் தயாராகி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக மெட்ராஸ் ரோடுகளில் ஓடிய அதே வண்டிதான். நம் வொர்க்‌ஷாப் மேஜையில் வெட்டி வைத்திருந்த கிளட்சும் அதனுடையதுதான். "இதுல எத்தனை ஸ்ப்ளைன் இருக்கு?" என்று வாத்தியார் கேட்டபோது எங்கள் பேட்சில் ஒருவனும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

1985-இல் இங்கிலாந்தில் வேலையாக இருந்தேன். என் வகுப்புத் தோழன் ஒருவனும் அங்கேதான் இருந்தான். ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு, கியர்பாக்ஸோடு ஒரு ஹெரால்ட் 1200 சேஸிஸை வாங்கினோம். 1147 சி.சி. எஞ்சின் போதாது என்று ஸ்பிட்ஃபயர் 1500-இன் 1493 சி.சி. எஞ்சினைத் தேடிப் பிடித்தோம். இரண்டுமே 1953-ஆம் ஆண்டின் 803 சி.சி. ஸ்டாண்டர்ட் எய்ட் எஞ்சினின் வாரிசுகள்தான். "ஒரே குடும்பம்டா, சம்பந்தம் பண்ணிக்கிறதுல என்ன கஷ்டம்?" என்றான் நண்பன்.

கஷ்டம் கிளட்சில் வந்தது. கியர்பாக்ஸைப் பார்த்து 1200-க்கான கிளட்ச் செட்டை வாங்கி வந்தோம். பிளேட் ஷாஃப்டில் வெண்ணெய் மாதிரி ஏறியது. பிரஷர் பிளேட்டை ஃப்ளைவீலில் வைத்தால் ஒரு துளைகூடச் சேரவில்லை. அந்த வம்சத்துச் சின்ன எஞ்சின்களில் ஆரம்ப காலத்துக் கிளட்ச் 6¼ அங்குலம். 1500-இல் 7¼ அங்குலம். அன்றைக்குத்தான் உறைத்தது: கிளட்ச் பிளேட்டுக்கு இரண்டு வீடு. நடுவில் இருக்கும் ஸ்ப்ளைன் கியர்பாக்ஸ் வீட்டைச் சேர்ந்தது. தேயும் முகம் ஃப்ளைவீல் வீட்டைச் சேர்ந்தது. கம்பெனிக் காரில் ஒரே டிராயிங் ஆபீஸ் இரண்டு வீட்டுக்கும் பேசி முடித்துவிடுகிறது. கிட் காரில் பேச ஆள் கிடையாது. நாம்தான் பேச வேண்டும்.

"ஃப்ளைவீலில் புதுசா துளை போட்டுச் சின்னதையே மாட்டிடலாம்" என்றான். நான் தாளை எடுத்தேன். கிளட்ச் தாங்கும் டார்க் என்பது உராய்வு, ஸ்பிரிங் அழுத்தம், சராசரி ஆரம், இரண்டு முகம் இவற்றின் பெருக்கல். பழைய எஞ்சினின் டார்க் சுமார் 60 பவுண்டு-அடி, புதுசில் 82. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல்! சின்ன கிளட்ச் முதல் மேட்டிலேயே வழுக்கியிருக்கும். கடைசியில் ஒரு ரீலைனிங் பட்டறையில், பெரிய பிளேட்டின் முகத்தோடு எங்கள் ஷாஃப்டுக்கான நடுப்பாகத்தை வைத்து ரிவெட் அடித்துக் கொடுத்தார்கள். கிராங்க் நுனியில் இருக்கும் ஸ்பிகாட் புஷ், ஸ்டார்ட்டர் பல்லுக்கும் ரிங் கியருக்கும் உள்ள சேர்க்கை, இவற்றையும் அதற்குள் அளந்து வைத்துவிட்டோம். சூடு கண்ட பூனைகள்.

அடுத்த சண்டை ஃப்ளைவீலின் எடையைப் பற்றி. ரேஸ்காரர்கள் மாதிரி லேத்தில் கொடுத்துக் குறைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. சடத்துவத் திருப்புத்திறன் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் விளிம்பில் ஒரு பவுண்டு சீவினாலே எஞ்சின் சட்டென்று சீறும். நடுவில் சீவினால் பெரிய பலன் இல்லை. ஆனால் டிராஃபிக்கில் ஐட்லிங் குதிக்கும், மேட்டில் எடுக்கும்போது அணைந்து போகும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வார்ப்பிரும்புச் சக்கரம் அது. கண்டபடி சீவி வைத்து, 6000 ஆர்.பி.எம்.மில் வெடித்தால் துண்டுகள் பறப்பது ஓட்டுபவன் காலருகில். பக்கத்து சீட்டில் அவன் மனைவி உட்காரப் போகிறாள். இதைச் சொன்னதும் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சரி, பேலன்ஸ் மட்டும் பார்த்துட்டு வந்துடலாம்" என்றான்.

பிளேட்டை மையத்தில் நிறுத்த, ஒரு மரத்துண்டை லேத்தில் கடைந்து வைத்துக்கொண்டோம். கியர்பாக்ஸ் முதல் தள்ளலிலேயே உள்ளே போய் உட்கார்ந்தது. மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று பேரும் மாறி மாறி ஓட்டினோம். மேட்டில் வழுக்கவில்லை.

வொர்க்‌ஷாப்பில் அந்த வெட்டின கிளட்ச் இன்னும் இருந்தால், ரீயூனியன் அன்று யாராவது காட்டுங்கள். ஸ்ப்ளைனை எண்ண வேண்டும்.