நிற்கும் தாள்: சுவா சூ காங் இடுகாட்டுக் காகிதப் பாவைகளின் வரலாறு

மண்ணாலும் மரத்தாலும் கல்லாலும் பாவை செய்தல் உலக மக்கள் எல்லாரிடத்தும் காணப்படும் பழங்கலையாகும். இம்மூன்றும் தம் எடையாலேயே நிற்பவை. தாளோ அவ்வாறன்று. நிமிர்த்தி வைத்தால் சாயும், காற்றடித்தால் பறக்கும், நீர் பட்டால் நெகிழும். இத்தகைய வலுவற்ற பொருளை மடித்தும் வளைத்தும் ஒட்டியும் தானே நிற்கச் செய்தது மனிதனின் கைத்திறன்களுள் வியக்கத்தக்க ஒன்றாகும். குழந்தைகளின் அட்டைப் பொம்மை, கடை முகப்பில் நிற்கும் விளம்பர உருவம், பொருட்காட்சியில் வைக்கப்படும் மாதிரி வீடு ஆகிய யாவும் இத்திறனின் பயன்களே. ஆயினும் இக்கலையின் நெடுங்காலத் தொடர்ச்சியைக் காண விரும்புவோர் பொம்மைக் கடைக்குச் செல்வதினும் இடுகாட்டுக்குச் செல்வதே பொருந்தும். சிங்கப்பூரில் அவ்விடம் சுவா சூ காங்.

ஊரும் இடுகாடும்

சுவா சூ காங் என்பது தியோச்சியு மொழிப் பெயர். ‘சுவா’ என்பது குலப்பெயர். ‘சூ’ என்பது வீடு அல்லது குடியிருப்பு. ‘காங்’ என்பது ஆறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூரின் ஆற்றங்கரைகளில் சீனர்கள் காடழித்துக் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். அவ்வாறு ஓர் ஆற்றங்கரைத் தோட்டத்துக்குத் தலைவனாக இருந்தவனைக் ‘காங்சூ’ என்றழைத்தனர். தோட்டங்கள் மறைந்தன, பெயர் நின்றது. இன்று அப்பெயரைத் தாங்கிய வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகள் வரிசை வரிசையாக எழுந்துள்ளன. அதற்கு மேற்கே விரிந்து கிடக்கிறது இடுகாடு. சீனர், முஸ்லிம்கள், இந்துக்கள், கிறித்தவர் முதலான பல சமயத்தாரின் பகுதிகள் அங்கு அருகருகே அமைந்துள்ளன. புக்கிட் பிரவுன் இடுகாடு 1973ஆம் ஆண்டில் மூடப்பட்டது. சிங்கப்பூரில் புதிதாக அடக்கம் செய்வதற்குத் திறந்திருக்கும் இடுகாடு இப்போது சுவா சூ காங் ஒன்றே.

ஆண்டுதோறும் ஏப்ரல் 4 அல்லது 5ஆம் நாளில் ‘சிங் மிங்’ என்னும் நீத்தார் நினைவு நாள் வரும். அந்நாளையொட்டிய வாரங்களில் சீனக் குடும்பங்கள் இங்குத் திரண்டு, கல்லறைகளைத் துப்புரவு செய்து, உணவும் பழமும் படைப்பர். அதன்பின் காகிதப் பொருள்களை எரிப்பர். காகிதப் பணமும் உடையும் மட்டுமல்ல. காகித வீடு, காகித மோட்டார் வண்டி, வீட்டில் ஏவல் செய்யக் காகிதப் பணியாளர் ஆகியனவும் நெருப்பிலிடப்படும். புகையான பொருள் மறுவுலகில் இருப்போரைச் சென்று சேரும் என்பது நம்பிக்கை. ஏழாம் மாதத்துப் பசித்த ஆவிகள் விழாவிலும் இத்தகைய படையல் உண்டு. அவ்விழாவின்போது ‘தா சி யே’ என்னும் பேயரசனின் பேருருவத்தைக் காகிதத்தால் செய்து நிறுத்தி, இறுதியில் அதனையும் எரித்துவிடுவர்.

உயிருக்கு மாற்றாக உருவம்

இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது? பண்டைச் சீனத்தில், ஷாங் மரபினர் ஆட்சியில், அரசர் இறந்தபோது பணியாளரையும் கொன்று உடன் புதைத்தனர். அகழ்வாய்வுகள் இக்கொடுமையைத் தெளிவாகக் காட்டுகின்றன. காலப்போக்கில் உயிருள்ள மனிதருக்கு மாற்றாக மரத்தாலும் மண்ணாலும் செய்த உருவங்கள் புதைக்கப்பட்டன. அவ்வுருவங்களை முதன்முதல் செய்தவனைக் கன்பூசியஸ் கடுமையாகப் பழித்தார் என்று மென்சியஸின் நூல் கூறும். மனித வடிவில் செய்து புதைப்பதே மனிதனைப் புதைப்பதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்துப் போலும். முதற் பேரரசன் சின் ஷி ஹுவாங்கின் கல்லறையருகே 1974ஆம் ஆண்டில் வெளிப்பட்ட சுடுமண் படை இம்மாற்றுருவ வழக்கத்தின் உச்சமாகும்.

மண்ணிலிருந்து தாளுக்கு வந்தது அடுத்த படி. தாள் மண்ணினும் எளியது; எரிந்தால் சாம்பலன்றி வேறொன்றும் எஞ்சாது. துர்பான் பாலைவனத்தில் உள்ள அஸ்தானா கல்லறைகளில், பயன்படுத்திக் கழித்த ஆவணத் தாள்களால் செய்யப்பட்ட காலணி, தொப்பி முதலியவை கிடைத்துள்ளன. அங்கு ஒரு கல்லறையில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அழகிய பெண் பாவைகள் இருந்தன. தலை மரம், உடை பட்டு, கைகளோ சுருட்டிய தாள். அக்கைகளைப் பிரித்துப் பார்த்த அறிஞர், அத்தாள்கள் தலைநகர் சாங்கானில் இருந்த ஓர் அடகுக் கடையின் சீட்டுகள் எனக் கண்டனர். ஏழை மக்கள் துணியை அடகு வைத்த கணக்கு, செல்வர் வீட்டுப் பாவையின் கையாக ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுள் கிடந்தது. அன்று தாள் பாவையின் ஓர் உறுப்பாக மட்டுமே இருந்தது என்பதும் இதனால் விளங்கும்.

கடைவீதியில் காகித மாளிகை

தாளே முழு உருவமாக நின்றதற்கு நல்ல சான்று சோங் மரபினர் காலத்தில் கிடைக்கிறது. அவர்கள் தலைநகரான காய்பெங் 1127ஆம் ஆண்டில் பகைவர் வசமாயிற்று. அந்நகரின் பழஞ்சிறப்பை நினைந்து மெங் யுவான்லாவ் என்பவர் 1147ஆம் ஆண்டில் ஒரு நூலை எழுதி முடித்தார். சிங் மிங் நாளில் காகிதப் பொருள் விற்கும் கடைக்காரர்கள் தெரு முகப்பிலேயே தாளைச் சுருட்டியும் மடித்தடுக்கியும் மாடமாளிகை போல் அமைத்து வைப்பர் என்று அந்நூல் குறிக்கிறது. அதே நகரைத் தீட்டியதாகக் கருதப்படும் சாங் செதுவானின் நெடுஞ்சுருள் ஓவியத்திலும் ‘வாங் குடும்பத்தார் காகிதக் குதிரை’ என்னும் பெயர்ப்பலகை தாங்கிய கடை ஒன்று காணப்படுகிறது.

இக்குறிப்பு பெரிதும் கருதத்தக்கது. படையலுக்கான பொருளே கடைக்கு விளம்பரமாகவும் நின்றது. இன்றைய கடைகளில் நிற்கும் அட்டை உருவங்களுக்கு ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட முன்னோடியைக் காய்பெங் தெருவில் காண்கிறோம். பின்னர் இக்கலை பல நாடுகளில் விளையாட்டாகவும் மலர்ந்தது. ஜப்பானியர் அச்சிட்ட தாள்களை வெட்டி ஒட்டி நாடகக் காட்சிகளை நிறுத்தினர். பிரான்சில் எபினால் நகரத்துப் பெல்லரின் அச்சகம் 1796ஆம் ஆண்டு முதல் மலிவான வண்ணப்படங்களை வெளியிட்டுப் புகழ்பெற்றது. சிறுவர் வெட்டி நிறுத்தி விளையாடும் காகிதப் போர்வீரர்களும் அவற்றுள் அடங்குவர்.

தாள் நிற்பது எவ்வாறு?

ஒரு தாளை விளிம்பில் நிறுத்தினால் அது தரையைத் தொடுவது ஒரு கோட்டில் மட்டுமே. எப்பொருளின் எடைமையத்திலிருந்து இறங்கும் தூக்குநூல் அதன் அடிப்பரப்புக்குள் விழுகின்றதோ அப்பொருளே நிற்கும். கோட்டுக்குப் பரப்பு இல்லை. ஆதலின் தாள் விழுகின்றது. அதே தாளை நடுவில் ஒருமுறை மடித்துப் புத்தகம் போல் சற்றே விரித்து வைத்தால், அடியில் ஒரு முக்கோணம் பிறக்கிறது, தாள் நிற்கிறது. மடிப்பு ஒன்றே, பயன் இரண்டு. அடிப்பரப்பைத் தருவதோடு, தாள் வளைந்து துவளாமலும் அது காக்கிறது. ஓர் அட்டையின் தடிப்பை இருமடங்காக்கினால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது இயற்பியல். மடிப்போ, எடையைக் கூட்டாமலே அத்தகைய விறைப்பைத் தருவது.

அட்டைப் பாவை அமைப்போர் பிற நுட்பங்களையும் அறிந்திருத்தல் வேண்டும். அட்டைக்கு இழைத் திசை உண்டு. அத்திசையில் மடித்தால் நேராக மடியும், குறுக்கே மடித்தால் வெடிக்கும். தடித்த அட்டையில் மடிப்புக் கோட்டின்மீது மழுங்கிய முனையால் முதலில் அழுத்திப் பள்ளமிட வேண்டும். பாவையின் தலை பெரிதானால் எடைமையம் மேலேறும், உருவம் கவிழும். ஆதலின் தலை சிறுத்தும் உடையின் கீழ்ப்பாகம் அகன்றும் இருத்தல் நலம். சிங்கப்பூர் போன்ற ஈரக் காற்றுள்ள நாட்டில் இன்னுமொரு தொல்லை உண்டு. ஒரு பக்கம் மட்டும் வண்ணத்தாள் ஒட்டிய அட்டை ஈரத்தால் வில்போல் வளையும். மறுபக்கமும் ஒரு தாள் ஒட்டினால்தான் நேராக நிற்கும்.

பெரிய படையல் உருவங்களுக்கு மடிப்பு மட்டும் போதாது. மூங்கிலை மெல்லிய பிளாச்சுகளாகச் சீவி எலும்புக்கூடு போன்ற சட்டம் கட்டுவர். மூட்டுகளைப் பசை தடவிய தாள் நாடாவால் இறுக்குவர். அது எடையற்றது, முழுவதும் எரியக்கூடியது. சட்டத்தின்மேல் தாள் போர்த்தி, முகமும் அணியும் எழுதி, இறுதியில் உறுப்புகளைப் பொருத்துவர். கட்டுதல், ஒட்டுதல், எழுதுதல், பொருத்துதல் என இத்தொழிலை நான்காகப் பகுத்துக் கூறுவது ஹாங்காங் கைவினைஞர் மரபு. இந்நான்கும் ஏட்டில் கற்கப்படுவன அல்ல. ஆசானின் அருகிருந்து கை கற்றுக்கொள்பவை.

தமிழகம் தந்த ஒரு நூல்

தாள் மடிப்பில் அறிவுக்கும் இடமுண்டு என்பதை உலகுக்கு உணர்த்தியவர்களுள் தமிழகத்தார் ஒருவர் உண்டு. ஜெர்மானியக் கல்வியாளர் புரோபெல், குழந்தைகளுக்கான பயிற்சிகளுள் தாள் மடிப்பையும் ஒன்றாக வைத்தார். அவருடைய குழந்தைத் தோட்டக் கல்விமுறை சென்னைக்கும் வந்தது. அதனால் தூண்டப்பெற்ற டி. சுந்தர ராவ் என்பார், தாள் மடிப்பின் வழியே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலொன்றை 1893ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். அளவுகோலும் கவராயமும் இன்றிச் சதுரம், ஐங்கோணம் முதலியவற்றை மடித்தே ஆக்கும் வழியை அது விளக்கிற்று. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதனைக் குறிப்பிட்டார். பீமன், சிமித் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் இதனைப் பதிப்பித்து 1901ஆம் ஆண்டில் சிக்காகோவில் வெளியிடச் செய்தனர். கைவினைஞரின் விரல் அறிந்ததைக் கணிதம் சொல்லால் அறிந்தது எனலாம்.

கையிலிருந்து பொறிக்கு

தாள் மடிப்பின் போக்கை மாற்றியது புரூக்ளின் நகரில் நிகழ்ந்த ஒரு தற்செயல். ராபர்ட் கேர் என்பவரின் அச்சகத்தில் விதைப்பைகள் தயாரிக்கும்போது, மடிப்புக்கோடு அழுத்த வேண்டிய உலோகத் தகடு சற்றே உயர்ந்து நின்று தாளை வெட்டிவிட்டது. பழுது என்று பிறர் ஒதுக்கியிருப்பர். கேரோ, வெட்டுதலையும் மடிப்புக்கோடு இடுதலையும் ஒரே அழுத்தில் முடிக்கலாம் என்பதை அதிலிருந்து உணர்ந்தார். 1879ஆம் ஆண்டளவில் பிறந்த இம்முறையே இன்றைய மடிப்பு அட்டைப்பெட்டிகள் அனைத்துக்கும் தாய்.

கடைகளில் நிறுத்தப்படும் விளம்பர உருவங்கள் இம்முறையால் பெருகின. சுவா சூ காங் இடுகாட்டுக்கு வரும் படையல்களிலும் இதன் விளைவைக் காணலாம். மூங்கிற் சட்டமின்றி, அச்சிட்டு வெட்டிய அட்டையாகவே வீடும் வண்டியும் கைத்தொலைபேசியும் தட்டையான உறைகளில் விற்கப்படுகின்றன. வாங்கிச் சென்றோர் மடித்துச் செருகி நிறுத்திவிடலாம்.

இதனை முற்றும் கேடென்று கூறுதல் நடுநிலையன்று. கைவினைஞரிடம் பெரிய வீடு செய்விக்க இயலாத எளிய குடும்பத்தாருக்கும் அட்டை வீடு எட்டுகின்றது. பேரனும் பேத்தியும் கூடியமர்ந்து தாத்தாவின் வீட்டைத் தம் விரலாலேயே மடிக்கின்றனர். அதுவும் ஒருவகைத் தொண்டே. ஆயினும் இழப்பு ஒன்று உண்டு. அச்சு ஆயிரம் பேருக்கு ஒரே வீட்டைத் தரும். கைவினைஞரோ, இறந்தவர் எத்தொழில் செய்தார், எதை விரும்பினார் என்று கேட்டறிந்து, அவர் ஒருவருக்கென்றே உருவம் சமைக்க வல்லவர். தையல்காரருக்குத் தையற்பொறி, மீனவருக்குப் படகு என அப்பாவை இறந்தவரின் வாழ்க்கை வரலாறாகவே அமையும். அத்திறனைக் கற்க வரும் இளைஞர் மிகச் சிலரே.

நிலையாமையும் நினைவும்

எரிப்பதற்காகவே செய்யும் பாவைக்கு இத்துணை உழைப்பு ஏன் என்று வினவலாம். தமிழருக்கு இது புதிதன்று. ஐயனார்க்கு நேர்ந்து விடும் சுடுமண் குதிரை வெயிலிலும் மழையிலும் நாளடைவில் சிதையும். சதுர்த்திக்குச் செய்த களிமண் பிள்ளையார் நீரில் சேர்வார். கரையும் என்பதற்காகக் குயவர் கண் திறப்பதில் குறை வைப்பதில்லை.

சுவா சூ காங்கில் கல்லறைகளுக்கே இன்று காலவரையறை உண்டு. 1998ஆம் ஆண்டு முதல் அடக்கத்தின் காலம் 15 ஆண்டுகள் என வரையறுக்கப்பட்டது. அதன்பின் எச்சங்களைத் தோண்டியெடுத்து, சமயம் இடந்தருமாயின் எரியூட்டுவர். இல்லையேல் சிறிய இடத்தில் மீண்டும் அடக்குவர். தெங்கா விமானத் தளத்தின் விரிவாக்கத்துக்காகச் சீனர் கல்லறைகள் 45,500உம் முஸ்லிம் கல்லறைகள் 35,000உம் அகற்றப்பட வேண்டியிருக்கும் என்று 2017ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கல்லும் நிலைக்காத இடத்தில் தாள் நிலைக்கவில்லையே என்று வருந்துவது பொருந்தாது.

எரிந்துபோவது பாவை, எஞ்ச வேண்டியது அதனைச் செய்யும் அறிவு. காய்பெங் தெருவில் மடிக்கப்பட்ட காகித மாளிகை ஒன்றேனும் இன்று இல்லை. எனினும் மடிக்கும் வழி, கைமாறிக் கைமாறித் தென்சீனத்தாரோடு கடல் கடந்து இத்தீவுக்கு வந்து சேர்ந்தது. பாரிஸ் நகரத்துக் கே பிரான்லி அருங்காட்சியகம் 2019ஆம் ஆண்டில் தைவான் காகிதப் படையற் கலைக்கெனத் தனிக் கண்காட்சி நடத்திற்று. அத்தகைய மதிப்பை இங்குள்ள முதிய கைவினைஞர்க்கும் அளித்தல் கடன். அவர்கள் சட்டம் கட்டும் முறையை அளவோடு வரைந்து வைத்தலும், பள்ளிச் சிறுவர் ஓர் அட்டையையேனும் மடித்து நிறுத்திப் பழகச் செய்தலும் பெருஞ்செலவான பணிகள் அல்ல. தாள் தானே நிற்பதில்லை. அதனை நிறுத்தக் கற்ற கை ஒன்று வேண்டும்.