ரூட் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

1986இல் தொடங்கிய எர்னெட் கல்வி வலையமைப்பில் முதலில் சேர்ந்த எட்டு நிறுவனங்களில் இரண்டு மும்பையில் இருந்தவை: பவாய் ஐஐடியும், எஸ். ரமணி இயக்குநராக இருந்த ஜுஹூ தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும். இத்தகைய நிறுவனங்களில் அந்த நாட்களின் யூனிக்ஸ் கணினி ஓர் அறையில் இருக்கும். பல டெர்மினல்களில் பலர் உட்கார்ந்து அதையே பயன்படுத்துவார்கள். எதையும் அழிக்க வல்ல ‘ரூட்’ கணக்கின் பாஸ்வேர்டு ஓரிருவர் வசம்தான் இருக்கும். ஒருவர் கைதவறினால் எல்லோருடைய வேலையும் பாழாகும் என்பதால் வந்த கட்டுப்பாடு அது. கணினி மேசைக்கு வந்து ஆளுக்கொரு பெட்டி என்றானபோது காரணம் போய்விட்டது, கட்டுப்பாடு தங்கிவிட்டது. யூனிக்ஸ் வழியைப் பின்பற்றிய லினக்ஸ் டெஸ்க்டாப்பில் நிர்வாகி உரிமை பற்றி நடந்த சண்டைகள் பெரும்பாலும் இதன் மிச்சம்தான்.

முழுச் சாவியையும் கொடுக்காமல் வேலையை மட்டும் அனுமதிக்கும் யோசனை பழையது. அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் 1980 வாக்கில் பாப் காகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதிய ‘சூடோ’ என்ற நிரல், பயனரின் சொந்தப் பாஸ்வேர்டைக் கேட்டு, குறித்த கட்டளையை மட்டும் ரூட்டாக இயக்கும். அடுத்த சில நிமிடங்களுக்கு மறுபடி கேட்காது. 2004இல் வந்த உபுண்டு என்ற லினக்ஸ் பதிப்பு, ரூட் கணக்கையே பூட்டிவிட்டு சூடோவை நம்பியது. ஆனாலும் பழக்கம் எளிதில் விடவில்லை. 2012இல் லினஸ் டோர்வால்ட்ஸே ஓப்பன்சூசே என்ற இன்னொரு பதிப்பைத் திட்டித் தீர்த்தார்: பள்ளியில் பிரிண்டர் சேர்க்க அவருடைய மகளிடம் ரூட் பாஸ்வேர்டு கேட்டிருக்கிறது. லினக்ஸை எழுதியவர் வீட்டிலேயே இந்தக் கதி!

தளர்த்தினால் ஆபத்து என்பார்கள். 2009 நவம்பரில் வந்த ஃபெடோரா 12 என்ற லினக்ஸ் பதிப்பு, கணினி முன்னால் அமர்ந்திருக்கும் எவரும் கையொப்பமிட்ட மென்பொருளைப் பாஸ்வேர்டு இல்லாமலே நிறுவலாம் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. அந்த எதிர்ப்பு நியாயமே. மென்பொருள் நிறுவுவது அந்தப் பெட்டியில் வேலை செய்யும் எல்லோரையும் பாதிக்கும், பிரிண்டர் சேர்ப்பது அப்படியல்ல. இந்த வேறுபாட்டைத்தான் பாலிசிகிட் என்ற லினக்ஸ் கருவி, இன்றைய பெயரில் போல்கிட், செயலுக்குச் செயல் பிரித்துப் பார்க்கிறது: சிலவற்றுக்கு உடனே சரி, சிலவற்றுக்கு உங்கள் பாஸ்வேர்டு, சிலவற்றுக்கு நிர்வாகியின் பாஸ்வேர்டு. தொலைவிலிருந்து நுழைந்தவருக்கும் திரைமுன் இருப்பவருக்கும் வெவ்வேறு பதில் தரவும் அதற்குத் தெரியும். அதே போல்கிட்டில் 2009 முதல் ஒளிந்திருந்த ஓட்டை 2022 ஜனவரியில் வெளிப்பட்டு, சாதாரணப் பயனர் ரூட் ஆக முடிந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சூடோவிலும் பத்தாண்டு பழைய ஓட்டை 2021இல் அகப்பட்டது. இரண்டுமே நிரல் எழுதியதில் நேர்ந்த பிழைகள். உரிமையைப் பகுத்துக் கொடுத்ததால் வந்தவை அல்ல.

தொடக்கத்தில் சொன்ன ஜுஹூ மையம் பின்னர் அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கோடு இணைந்தது. சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், டெபியன் என்ற லினக்ஸ் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டு கேட்கும்; அந்த இடத்தைக் காலியாக விட்டால் ரூட்டைப் பூட்டி, முதல் பயனருக்கு சூடோ உரிமை தரும். தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ லினக்ஸ் கணினி அறை நடத்தும் பள்ளிகளும் மன்றங்களும் அந்த இடத்தைக் காலியாகவே விடட்டும். அந்த முதல் கணக்கு ஆசிரியருடையதாக இருக்கட்டும். மாணவருக்கு வைஃபையும் பிரிண்டரும் போதும். புதிய மென்பொருளும் புதிய கணக்கும் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும்.